கிள்ளானில் ஒரு கணப்பு

குன்னூரிலிருந்து கிளம்பும்போது என் பெட்டியில் பூண்டு லேகியம் இருந்தது, சுக்கு இருந்தது, வசம்பு இருந்தது, பழைய வேட்டித் துணியில் தைத்த குழந்தைச் சட்டைகள் இருந்தன. ஸ்வெட்டரை மட்டும் எடுத்து வெளியே போட்டேன். மலேசியாவில் வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தான் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். குளிர்காயும் சமாசாரத்தையே நினைக்க வேண்டாத ஊருக்குப் போகிறோம் என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

காரணம் உண்டு. குன்னூரில் என் வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அறைக்கு அறை சுவரில் பதித்த கணப்பு. வருகிறவர்கள் பயர்பிளேஸ் என்பார்கள், பார்த்ததும் போட்டோ எடுப்பார்கள். அவர்களை நிற்கவைத்து நான் ஒரு பாடம் எடுப்பேன். ஈர விறகு வைக்காதே, கரி போடவே போடாதே, ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வை, சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளாதே. வாடகைக்கு வந்த பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு, நான் திரும்பியதும் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் மறுபடியும் போய்க் கதவைத் தட்டுவேன். இடம் அழகு, சாப்பாடு நன்று, வீட்டுக்கார அம்மா தொந்தரவு என்று இணையத்தில் எழுதுகிறார்கள். எழுதிக்கொள்ளட்டும்.

என் அக்கா மகள் பவித்ராவுக்குக் கிள்ளானில் பெண் பிறந்திருந்தாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, எல்லோரும் கேட்பதை நிறுத்திய பிறகு வந்த பிள்ளை. அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் பிள்ளைப்பேறு பார்க்கச் சித்தியான நான் போனேன். என் கணவர் இறந்த பிறகு நான் போன முதல் தூரப் பயணம் இது.

விமான நிலையத்துக்குப் பவித்ராவின் கணவன் தேவன் வந்திருந்தான். கிள்ளானில் கார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறான். பார்த்ததும் முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா சித்தி?" காலைப் பலகாரத்துக்கு அங்கே அதுதான் பேச்சு. பசியை ஆற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். வழியில் ஒரு கடையில் நிறுத்தி ரொட்டி சனாயும், உயரத்திலிருந்து இழுத்து ஊற்றிய டீயும் வாங்கித் தந்தான். நம் ஊர்ப் பரோட்டாவின் வசதியான தம்பி மாதிரி இருந்தது அந்த ரொட்டி. நான் மூன்று தின்றேன்.

கிள்ளான் என்றுதான் சொல்லியிருந்தார்களே தவிர, வீடு கிள்ளானைத் தாண்டி ஜெஞ்சாரோம் போகிற பக்கம். சாலையின் இரு புறமும் செம்பனை, எண்ணெய்க்காக வளர்க்கிற பனை. எங்கள் ஊர்த் தேயிலைச் சரிவில் நின்றால் பள்ளத்தாக்கு வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்துக்குள் நாலு மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, பட்டப்பகலிலும் அடியில் இருட்டு. அதற்கு நடுவில் வெள்ளைக்காரத் தோட்டத் துரை ஒருவர் இருந்து, அங்கேயே செத்துப்போன பழைய பங்களா. தேவனின் அப்பா வியாபாரத்தில் நன்றாக இருந்த காலத்தில் வாங்கிப்போட்டது.

பவித்ரா படுத்திருந்த அறைக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்ச் சுவரில் செங்கல் வைத்துக் கட்டிய கணப்பு. இந்தப் புழுக்கத்தில் யாருக்கு வேண்டும் இது! அந்தத் துரைக்குத் தன் ஊர் ஞாபகம் வந்து கட்டியிருப்பார் போல. உள்ளே சாம்பல் கிடந்தது. இதை எரிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"மத்தியானம் மட்டும் சம்மந்தி, பிள்ள பெத்த ஒடம்புக்குச் சூடு வேணும்ல" என்றார் லெட்சுமி அக்கா.

லெட்சுமி அக்கா தேவனின் மூத்த சகோதரி. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூஜைச் சாமான் கடை. மஞ்சள் பூசிய முகம், கணீரென்ற குரல், எதையும் இரண்டாம் முறை யோசிக்காத நடை. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பவித்ரா மேல் அவருக்கு உயிர், அதை யாரும் மறுக்க முடியாது.

"பாப்பா தங்கமான பிள்ள சம்மந்தி. அழவே அழாது. தூங்கிக்கிட்டே இருக்கும்" என்றார்.

குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. பவித்ராவின் முகம்தான் சரியில்லை. கண்ணுக்கடியில் கறுத்து, பேச்சு நடுவில் நூல் அறுந்தது போல நின்றுவிடும். அலைச்சல், தூக்கமின்மை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. எல்லா அறைக்கும் என் பின்னாலேயே வந்தது. அந்த அறை வாசலில் மட்டும் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் நல்ல மழை. பவித்ராவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கணப்புக்கு மேலே, சுவருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டக். டக் டக். யாரோ பூட்ஸ் காலோடு மாடிப்படி இறங்குகிற மாதிரி. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

"கேட்டுதா சித்தி?" என்றாள் பவித்ரா. "எல்லாரும் துரைங்கறாங்க."

பறவை ஏதாவது கூடு கட்டியிருக்கும் என்றேன். குனிந்து கணப்புக்குள் பார்த்தேன். சாம்பல் மாவு போல உலர்ந்து கிடந்தது. எங்கள் வீட்டில் பெருமழைக்கு நாலு சொட்டாவது புகைக்கூண்டு வழியாக உள்ளே விழுந்து சாம்பலை நனைக்கும். இங்கே கூரை இடிகிற மாதிரி பெய்தும் ஒரு சொட்டு இல்லை. நல்ல வேலைக்காரன் கட்டியிருக்கிறான் என்று பாராட்டினேன். என் புத்தியை என்ன சொல்ல.

மறுநாள் காலை குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தபோது பவித்ரா தெளிவாக இருந்தாள். காலையில் எப்போதும் அவள் தெளிவுதான். என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சித்தி, நான் சொன்னா என்னைப் பைத்தியம்னு நினைக்க மாட்டீங்கல்ல?"

"முதல்ல சொல்லு."

"மத்தியானம் ஒரு ஆள் வர்றாரு. கணப்பு பக்கத்துல முதுகைக் காட்டிட்டு நிப்பாரு. பேச மாட்டாரு. எனக்கு எந்திரிக்க முடியாது, கத்தவும் முடியாது. கிளினிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு வரல, அன்னிக்கு நல்லா இருந்தேன். மறுபடி இங்க வந்து படுத்தா வர்றாரு. இப்பல்லாம் மெதுவா திரும்பற மாதிரி இருக்கு. பாப்பாவைத்தான் பார்க்கப்போறாரோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டுக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். 

லெட்சுமி அக்காவிடம் தனியாகக் கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. செந்தூலிலிருந்து ஒரு பூசாரியை வெள்ளிக்கிழமைக்கு வரச்சொல்லியிருந்தார். அறையைச் சுற்றி இண்டு இடுக்கெல்லாம் அடைத்து, கணப்பில் நெருப்பு மூட்டி, தாயையும் பிள்ளையையும் அதன் எதிரே மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் உட்காரவைத்துக் கட்டுப் போடுவாராம். "அதுக்கும் சரியாகலன்னா, பாப்பாவ நான் டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். அந்தப் புள்ள மனசு சரியில்லாம பாப்பாவ ஏதாச்சும் செஞ்சிட்டா?" என்றார். கண் கலங்கியிருந்தது. பவித்ராவிடமிருந்து குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் வீட்டுக்காரி நான், வந்து இறங்கியவுடன் அதட்டவும் முடியாது.

மறுநாள் தன் கடையில் இல்லாத சில பூஜைச் சாமான்கள் வாங்க என்னையும் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனார். கொமுட்டர் ரயிலில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி, ஏசி எலும்பைத் துளைத்தது. ஸ்வெட்டரை எடுத்து வெளியே போட்டதற்கு என்னையே திட்டிக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸில் இறங்கினால் மல்லிகைப்பூவும் வறுத்த மிளகாயும் கலந்த வாசனை. வாழையிலைச் சாப்பாட்டுக்கடையில் சர்வர் "பாஸ், இன்னும் சோறு?" என்று என்னைக் கேட்டார். இந்த வயதில் எனக்குப் பாஸ் பட்டம் கிடைத்தது. பாகற்காய் வறுவலை மூன்று தரம் வைத்தார்கள். இலையை மடிக்கிறபோதுதான் லெட்சுமி அக்கா தன் வைத்தியத்தைப் பெருமையாக விளக்கினார்.

"கம்பத்துல, அதான் கிராமத்துல, மலாய்க்காரங்க பிள்ள பெத்தவள நெருப்பு பக்கத்துல படுக்க வப்பாங்க. சீனவங்க மாசம் பூரா காத்தே பட விட மாட்டாங்க, பேன் கூடப் போட மாட்டாங்க. நம்மளுக்குச் சாம்பிராணி. பவித்ராவுக்கு நான் மூணையும் சேத்துட்டேன் லா! இவ்வளவு நாள் கழிச்சுப் பொறந்த பிள்ள, ஒண்ணும் கொற வச்சிடக்கூடாது பாருங்க."

எனக்கு அது அப்போது அன்பாக மட்டுமே பட்டது. மூன்று இனத்துப் பத்தியமும் ஒரே வீட்டில் என்று சிரித்தேன்.

திரும்பும் ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. ஏன் என்று மலாயில் ஒரு அறிவிப்பு வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், நானும் விட்டுவைத்தேன். எதிரே முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மா, பாப்பாவுக்கு என்று வாங்கி என் மடியில் வைத்திருந்த சாமானைப் பார்த்துவிட்டு லெட்சுமி அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார். அக்கா எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். தன் அம்மாவும் தன்னை நெருப்போரம் படுக்க வைத்தாராம். முதுகு வெந்துவிடும் போல இருக்குமாம். "ஆனால் எங்கள் கம்பத்து வீடு கால் வைத்துத் தூக்கிக் கட்டியது. தரைப் பலகைக்கு நடுவே விரல் நுழையும். கீழே கோழி மேய்வது தெரியும். இப்போதைய வீட்டில் அப்படிச் செய்ய முடியாது, எல்லாம் சிமெண்டு" என்றாராம். விரல் நுழையும் என்பதைத் தன் விரலை நீட்டிக் காட்டினார். நான் குன்னூரில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே விரல்.

ரயில் கிளம்பியதும் நாங்கள் இருவரும் தூங்கிப்போய், கிள்ளானைக் கோட்டைவிட்டு, கடைசி நிலையமான துறைமுகத்தில் போய் இறங்கினோம். "அலாமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அக்கா. உப்புக்காற்றில் அடுத்த ரயிலுக்காக வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அந்த அம்மாவின் விரல் மனதிலேயே நின்றது, எதனால் என்று பிடிபடவில்லை.

அடுத்த நாள் வியாழக்கிழமை. இன்று மத்தியானம் நானும் அறையில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் இரண்டு மத்தியானமும் பயணக் களைப்பில் பின்னறையில் தூங்கிப்போனேன், மூன்றாம் நாள் அக்காவோடு பிரிக்பீல்ட்ஸில் இருந்தேன். எண்ணெய்க் குளியல் முடிந்து பவித்ராவைப் படுக்கவைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் டேப் ஒட்டியிருந்தது. கணப்பில் தீ இல்லை, தணல். தகதகவென்று, சுடர் இல்லாமல், சத்தம் இல்லாமல்.

"இது கரியாச்சே!" என்றேன்.

"பாக்காவ் கரி சம்மந்தி, சதுப்பு மரத்துக் கரி. மொதல்ல வெறகுதான் வச்சோம். ஒரே பொகை, பாப்பா இருமிச்சு. இதுல பொகையே வராது."

"மேல சிம்னி தொறந்திருக்கா?"

"இருக்கு லா. அவ்ளோ பெருசா கட்டியிருக்கான்" என்றபடி குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, சாம்பிராணியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, கதவைச் சாத்தினார். வெளியிலிருந்து கதவின் அடியில் பழைய சேலையைத் திணிக்கும் சத்தம் கேட்டது.

ஊதுவத்தி ஒன்றை ஏற்றிக் கணப்பின் வாயில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். புகைக்கூண்டு இழுக்கிறதா என்று பார்க்க எங்கள் வீட்டில் அதுதான் சோதனை. புகை மேலே போனால் சரி, அறைக்குள் திரும்பினால் தீயை அணை. சுவாமி மாடத்தில் ஊதுவத்திக் கட்டு இருந்தது, ஓர் எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். மடியில் குழந்தை சூடாக, கனமாக இருந்தது. கொஞ்சம் கழித்து எழுந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

நெற்றியைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல ஒரு வலி வந்தது. மழை பிடித்தது. சுவருக்குள் அந்தப் பூட்ஸ் சத்தம் இறங்க ஆரம்பித்தது. ஜன்னலைத் திற என்று எனக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள், பக்கத்து வீட்டில் யாரோ யாரிடமோ சொல்வது மாதிரி எனக்குக் கேட்டது. கையைப் பார்த்தேன். அது என் கைதானா என்று சந்தேகமாக இருந்தது.

"வந்துட்டாரு" என்றாள் பவித்ரா, கண்ணை மூடிக்கொண்டே.

கணப்பின் பக்கத்தில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். துரை இல்லை. கழுத்தில் பழுப்பு மப்ளர், இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் அந்த நிற்பு. தணலைக் கிளறுகிறவர் போலக் குனிந்து, இரண்டு தரம் இருமினார். அந்த இருமலை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். என் கணவர்.

எனக்குப் பயம் வரவில்லை. ஐயோ, வந்துவிட்டாரே என்று சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு தூரம், கடல் தாண்டி, எப்படி வழி கண்டுபிடித்தார்! இனி நகரவே கூடாது, இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், நகர்ந்தால் போய்விடுவார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

அவர் திரும்பவில்லை. தணலைப் பார்த்தபடியே பேசினார்.

"சரோ, எந்திரி. பால்காரன் வந்துட்டான்."

எத்தனையோ வருஷம் விடியற்காலையில் நான் கேட்ட வார்த்தை. கணப்பைச் சுத்தம் செய்து சாம்பலை அள்ள அவர் முன்னால் எழுந்துவிடுவார், என்னை எழுப்புவது இப்படித்தான். கேட்ட பழக்கத்தில் உடம்பு தானாக எழுந்தது. முழங்கால் துணி மாதிரி மடங்கியது. குழந்தையை நெஞ்சில் அணைத்தபடி பொத்தென்று தரையில் விழுந்தேன்.

அந்தக் குலுக்கலுக்கு எந்தப் பிள்ளையும் வீறிட்டு அழும். இவள் முழிக்கவே இல்லை. உதட்டை நிமிண்டினேன். உள்ளங்காலைச் சுண்டினேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அழாத பிள்ளை. புகையில்லாத கரி. உலர்ந்த சாம்பல். எல்லாம் ஒன்றாக வந்து என் முகத்தில் அறைந்தது. நாற்பது பேருக்குப் பாடம் எடுக்கிற வாய், கரியும் மூடிய அறையுமாக நெருப்பின் எதிரே உட்கார்ந்து தூங்கிவிழுந்துகொண்டிருந்தது.

தவழ்ந்துதான் போனேன். கதவின் பிடியைப் பற்றித் தொங்கி இழுத்தேன். சேலைச் சுருள் உருண்டு உள்ளே வந்தது. வராந்தாவில் குழந்தையைப் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்ப் பவித்ராவைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். "காத்து படக்கூடாது சித்தி" என்று அவள் குழறினாள். சத்தம் கேட்டு லெட்சுமி அக்கா ஓடி வந்தார்.

"பச்ச ஒடம்பு! மழக்காத்து! என்னா செய்றீங்க சம்மந்தி? உள்ள கொண்டு போங்க!" என்று குழந்தையைத் தூக்கி அறைக்குள்ளேயே திரும்பப் போனார்.

அவர் கையைப் பிடித்து முறுக்கினேன். ஒரு சம்பந்தியிடம் யாரும் அப்படி நடந்துகொள்ளக் கூடாது. "காத்துதான் வேணும்! அந்தக் கரி இவளைக் கொன்னுட்டு இருக்கு. உள்ள ஒரு அடி வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" என்று கத்தினேன். அவர் மிரண்டு நின்றுவிட்டார். மழைச் சாரல் குழந்தையின் முகத்தில் அடித்தது. முகம் சுளித்தது. வாய் திறந்தது. முதலில் சத்தமே வரவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள், செம்பனைத் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அழுகை. நானும் வராந்தாவில் உட்கார்ந்து கூடவே அழுதேன்.

கடையிலிருந்து பறந்து வந்த தேவன் எங்கள் எல்லோரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனான். ரத்தம் எடுத்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் எனக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். இளவயதுத் தமிழ் டாக்டர் ஒருத்தி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"கரிப்பொகையில இருக்கிற விஷவாயு ஆன்டி. அதுக்கு வாசன இல்ல, கலர் இல்ல. தலவலி வரும், மயக்கம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதுல கேக்கும். நல்ல வேள, டைம்ல வெளிய வந்துட்டீங்க. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

"கேக்கற குரல் என்ன சொல்லணும்னு யார் முடிவு பண்றது டாக்டர்?" என்று கேட்டேன்.

அவள் என் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

பவித்ராவையும் பாப்பாவையும் மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டு என்னை மட்டும் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை தேவன் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினான். கீழிருந்து நான் பிடித்துக்கொண்டேன். மேலே போனவன் புகைக்கூண்டின் வாயருகே குனிந்தான். பிறகு துருப்பிடித்த தகரம் ஒன்று, மேலே வைத்த கல்லோடு, புல் தரையில் வந்து விழுந்தது. மழைத்துளி விழுந்து பூட்ஸ் சத்தம் போட்டது அந்தத் தகரம்தான். இறங்கி வந்தவன் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் சித்தி போட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி. மழ ஒழுகி அந்த ரூம் சொவரெல்லாம் ஊறிச்சு. போட்டத மறந்தே போயிட்டேன்." "நானே மூடி வச்சேன் சித்தி."

அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய? வருகிற வாரமே புகைக்கூண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற ஆளை வரவழைக்கவும், வலை போட்ட மூடி மாட்டவும் சொன்னேன். அதுவரை அந்தக் கணப்பின் வாயில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது. அப்புறமும் கரி எந்தக் காலத்திலும் கூடாது என்றேன். பிள்ளைகள் தலையாட்டுவது மாதிரி இல்லை, நிஜமாகவே தலையாட்டினான்.

பூசாரிக்கு வர வேண்டாம் என்று சொல்ல எல்லோரும் மறந்துபோயிருந்தோம். மத்தியானம் சிவப்பு வேட்டியும் உடுக்கையுமாக வந்து நின்றார். அப்போது நான் லெட்சுமி அக்காவுக்கு ஊதுவத்திச் சோதனையைக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. கணப்பின் வாயில் பிடித்த ஊதுவத்தியின் புகை ஒரு கணம் தயங்கிவிட்டு, கயிறு கட்டி இழுத்த மாதிரி விறுவிறுவென்று மேலே ஏறியது. பூசாரி அதையே உற்றுப் பார்த்தார். விபூதியை அள்ளிக் கணப்புக்குள் போட்டார்.

"போயிட்டாரு. வழி தொறந்துடுச்சில்ல, அப்புறம் ஏன் இருக்கப்போறாரு?" என்றார்.

லெட்சுமி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

சாயங்காலம் அக்கா வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பூனை நிதானமாக எங்களைத் தாண்டி அறைக்குள் போயிற்று.

"மூணும் நல்லதுதானே சம்மந்தி? கேட்டுக் கேட்டுத்தானே செஞ்சேன்."

"மூணும் நல்லதுதான் அக்கா. நெருப்பு வச்சவங்க தரையில சந்து விட்டிருந்தாங்க. காத்தை அடைச்சவங்க நெருப்பு வைக்கல. நீங்க அன்பு ஜாஸ்தியாகி ரெண்டையும் ஒண்ணா வச்சிட்டீங்க."

ரயிலில் அந்த அம்மா நீட்டிய விரலை அவருக்கு நீட்டிக் காட்டினேன். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பவித்ராவும் பாப்பாவும் மறுநாளே வீடு திரும்பினார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஒருவரையும் தூங்கவிடவில்லை. அது அழ அழ, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், பவித்ரா வேறு அறைக்கு மாறிய பிறகு, நான் மட்டும் அங்கே போய் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மழை பெய்தது. சொட்டுகள் தடையில்லாமல் உள்ளே விழுந்து பழைய சாம்பலில் குழி போட்டன. மழை விடுகிற வரைக்கும் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. வராதது நல்லதுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் காத்திருந்தேன்.

குன்னூரில் இறங்கியபோது பனி இறங்கியிருந்தது. என் அறையின் கணப்பில் உலர்ந்த சீகை விறகை அடுக்கி மூட்டினேன். ஊதுவத்தி பிடித்துப் பார்த்தேன், புகை ஒழுங்காக மேலே போனது. கம்பி வலையைக் குறுக்கே வைத்தேன். ஜன்னலிடம் வந்து கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வெளியே நல்ல குளிர், முழுக்கச் சாத்திவிட்டால் இதமாக இருக்கும். பின்கட்டில் இஸ்திரிக்கு வைத்திருந்த கரி ஒரு மூட்டை கிடந்தது. எப்படிச் செய்தால் யார் வருவார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து கொக்கியை மாட்டினேன். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தச் சந்தில் வந்த குளிரில் நடுங்கிக்கொண்டே தூங்கிப்போனேன்.

விடியற்காலையில் கேட்டில் மணி அடித்தது.

"பால்காரன் வந்துட்டான்" என்று காலி அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நானே எழுந்து போனேன்.